கரடிச் சட்டைக்கு எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருக்கும் இரண்டு பேரில் ஒன்றே முக்கால் பேர் நலம், மீதிக் கால் பங்கும் தேறிக்கொண்டு வருகிறது, அது என்ன கணக்கு என்று பதறாமல் பொறுமையாகப் படி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்கள் பேத்தி வாலுவும் முழுசாக மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறந்தால் தொண்டையைக் கனைக்கிறார். இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், எழுந்திருப்பதற்குள் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட வேண்டும். மாடி வீட்டுக்காரர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் திரும்பவும் ஒழுகி நம் சமையலறைச் சுவர் நனைந்துவிட்டது, உன் அத்தைக்கு ரத்த அழுத்தம் குறைந்து வாய் கூடியிருக்கிறது, மற்றபடி வீட்டில் விசேஷம் எல்லாம் உன் அப்பாதான்.

அவர் கண் சங்கதி உனக்குத் தெரியும். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதும், நீ அங்கிருந்து கெஞ்சியதும், மாப்பிள்ளை தனியாகப் பேசிப் பார்த்ததும், எதையாவது காதில் போட்டுக்கொண்டாரா. வெயில் குறையட்டும் என்றார், குறைந்ததும் மழை நிற்கட்டும் என்றார், மழையும் நின்ற பிறகு டாக்டருக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை என்று ஆரம்பித்தார். நான் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு, படிக்க வேண்டியதெல்லாம் படிச்சாச்சு என்று வசனம் வேறு. ஆயுள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து, இருமினவனைக்கூட முறைத்துப் பார்த்த மனுஷர், வாசல் ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்து வாங்க வாங்க, ஏன் நிக்கிறீங்க என்று உபசாரம் செய்கிறார். காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இன்னிக்கு உருப்படியா ஒண்ணும் போடல என்று மடித்து வைப்பார். அது போன வாரத்துப் பேப்பர் என்று நான் சொல்லவில்லை, பாவமாக இருந்தது. அவர் ஒருநாள் முழுசாக இருட்டில் உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்து, தைக்க வந்த ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

இதற்கு நடுவில் வாலு வேறு. போனில் தாத்தா என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறாள், போன தடவை வந்தபோது அவர் கூப்பிடக் கூப்பிடக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாளே. குழந்தைதானே, போகப் போகச் சரியாயிடும் என்று உன்னிடம் பெரிய மனசாகச் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அதே பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நீதான் சமாதானம் சொன்னாய், அவளுக்குக் கரடிப் பைத்தியம் பிடித்திருக்கிறது, நான் சின்ன வயசில் பார்த்த அந்தப் பழைய கரடிப் படத்தைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன், நாள் முழுக்க அதையே பார்க்கிறாள், அதனால்தான் போனுக்கு வருவதில்லை, அப்பாவை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல் என்று. நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், அம்மா கரடி விடுகிறாள் என்று நினைக்காதே. அந்தப் படத்துக் கரடி உன் அப்பாதான்.

உட்கார்ந்துகொண்டே படி. எங்களுக்குக் கல்யாணமான புதிது, நீ பிறக்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த காட்டில் அந்தப் படம் எடுக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். நிஜக் கரடி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள், அது தேனைத் தின்றுவிட்டு மரத்தடியில் குறட்டை விட்டதே தவிர, படத்தில் நடித்த அந்தச் சின்னப் பெண்ணோடு நாலடி நடக்க மாட்டேன் என்றது. முகத்தைக் கிட்டத்தில் காட்டுவதற்கு அதை வைத்துக்கொண்டு, நடப்பதற்கெல்லாம் ஒரு சர்க்கஸ்காரரை வரவழைப்பது என்று முடிவாகி, அவருக்குக் கரடிச் சட்டை தைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆள் வந்து சேரவில்லை, சட்டை மட்டும் உடனே வேண்டுமாம், நடுத்தரமான ஆள்தான் என்றார்கள். எனக்கு நடுத்தரமான ஆள் என்றால் வேறு யாரைத் தெரியும். வேலை முடிந்து வந்த உன் அப்பாவை மேசைமேல் ஏற்றி நாலு காலில் நிற்கவைத்து, அளவு நாடாவைப் போட்டு, தோள், இடுப்பு, தொடை எல்லாம் எடுத்து, அவர்மேலேயே துணியை வைத்து ஊசி குத்தி, கச்சிதமாக வெட்டிவிட்டேன். பிரித்து விடுவதற்கு உள்ளே துணிகூட விடவில்லை, அவ்வளவு கெட்டிக்காரி. சர்க்கஸ்காரர் வந்தார், தோள் இரண்டும் பீரோ மாதிரி. என் கரடி அவர் தொடையைத் தாண்டி ஏறவில்லை. கையில் வேறு துணியும் கிடையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நானோ, எனக்காகத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த உன் அப்பாவைப் பார்த்தேன்.

முதலில் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எதையும் அரைகுறையாகச் செய்யாத மனுஷர் இல்லையா, நூலகம் திறப்பதற்கு முன்னால் போய் அலமாரிகளுக்கு நடுவில் நாலு காலில் நடந்து பழகினார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. தெரிந்தால் நடிப்பு வராது என்று இயக்குநர் சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால் அவள் இருக்கும்வரை இவர் கரடித் தலையைக் கழற்றவே மாட்டார், புதருக்குப் பின்னால் போய்த்தான் தண்ணீர் குடிப்பார். கடைசி நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காட்டுல சமத்தா இரு என்று அழுதாளாம். உள்ளே இவரும் அழுது, துடைக்கக் கை நுழையாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றாராம். அன்றிலிருந்து எந்தக் குழந்தையிடமும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார், அதில் நீயும் அடக்கம். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, சில வருஷம் கழித்து அந்தப் படம் திரும்ப வந்தபோது, தியேட்டரில் நீ எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தக் கரடி அப்பா மாதிரியே நடக்குது என்றாய். இவர் படம் முடியும்வரை இருமிக்கொண்டே இருந்தார்.

இனிமேல்தான் சங்கதியே. போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனை வாலு கையில் கொடுத்துவிட்டு நீ காயப்போட்ட துணி எடுக்கப் போனாய் அல்லவா. அவள் வழக்கம்போல் போனைக் கீழே சாய்த்து வைத்துவிட்டுக் கரடி மாதிரி தரையில் நடக்க ஆரம்பித்தாள். இவருக்கு மங்கலாக ஏதோ அசைவதுதான் தெரிந்தது, என்ன பண்றா என்று கேட்டார், சொன்னேன். உடனே மூக்கு போனில் இடிக்கக் குனிந்து, அப்படி இல்லம்மா, கரடி வலது கையையும் வலது காலையும் சேர்த்து வைக்கும், முதல்ல தோள் போகணும், தலை தொங்கட்டும் என்றார். அவள் நின்றாள். அப்படியே நடந்து பார்த்தாள். பிறகு தானாகவே போனுக்குப் பக்கத்தில் வந்து, உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா என்றாள். அந்தக் கரடி எனக்குப் பழக்கம் என்றார் இவர், கொஞ்சமும் அசராமல். என் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அது இப்ப நல்லா இருக்கா என்று அவள் கேட்டாள்.

நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நம்மிடம் எல்லாம் அப்படித்தானே முடிப்பார். அவளிடமோ, அதுக்கு வயசாயிடுச்சும்மா, கண்ணு சரியாத் தெரியல, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு, கண்ணுல கத்தி வைப்பாங்களேன்னு அதுக்கு ரொம்பப் பயம், வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாம உட்கார்ந்திருக்கு என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடிவாதம் என்று நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. வாலு போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். பாவம், அதைத் தனியா அனுப்பாதீங்க, நீங்க கூடப் போங்க தாத்தா, கையைப் பிடிச்சுக்குங்க என்றாள். சரிம்மா, நான் கூடப் போறேன் என்றார். நீ துணிக்கூடையோடு வந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, போலாமா, கரடியைக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டும் பிரித்தாயிற்று, உனக்குச் சொன்னால் விமானம் ஏறிவிடுவாய் என்று அடுத்த கண்ணும் முடிகிறவரை விஷயத்தை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார் உன் அப்பா. நான் வைப்பேனா. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, கக்கத்துல தையல் கோணலா இருக்கு என்று குறை சொன்னார். பார்வை வந்த லட்சணத்தைப் பார், இத்தனை வருஷமாக நான் மூடி மறைத்தது. அப்புறம் நீ அனுப்பிய வாலுவின் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கிட்டப் போனால், இவ சிரிச்சா கன்னத்துல குழி விழுதே, எனக்கு ஏன் யாருமே சொல்லல என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவள் பிறந்ததிலிருந்து இவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உருப்படியாகச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, உன் மாமியாருக்கு வாரம் ஒரு முறையாவது நீயே போன் செய். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வாலுவிடம் எதையும் உளறிவிடாதே. கரடிக்கு ஒரு கண் சரியாகிவிட்டது, தாத்தா சொன்னபடியே கையை விடவில்லை என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா