கசங்கிய நீலச் சேர்ட்

மச்சான்,

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, நீலச் சேர்ட்டை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து ஒரு கையை மட்டும் மினுக்கி முடித்திருந்தேன். ஈர லினன் துணியில் சூடு பட்டதும் ஒரு மணம் எழும்பியது. அலுமாரிப் பூச்சி உருண்டையின் மணம், அதற்குக் கீழே கொஞ்சம் கடல் உப்பு, அதற்கும் கீழே பொரித்த இறால். எத்தனையோ முறை தோய்த்த சேர்ட்டில் இறால் மணக்குமா என்று கேட்பாய். மணந்தது. அந்த நிமிடம்தான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: "லினனை மினுக்காதடா. கசங்குறதுதான் அதின்ர வடிவு." பெட்டியை நிறுத்திவிட்டேன். ஆகவே இன்று பின்னேரம் உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு, ஒரு கை மினுக்கியும் மறு கை கசங்கியும் இருந்த சேர்ட்டோடுதான் போனேன். நீ பார்த்திருந்தால் கோயில் என்றும் பாராமல் சிரித்திருப்பாய்.

சுடுகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது. உட்துறைமுக வீதியில் திரிகிற ஊர் மான்கள்கூட மதில் நிழலை விட்டு எழும்பவில்லை. இந்த வெக்கையில் நீட்டுக் களிசானும் முழுக்கைச் சேர்ட்டும் போட்டுத் திரிகிறவர்கள் எல்லோருக்கும் ஏதோ வருத்தம் இருக்கிறது என்பது உன் முடிவு. "இதுக்கு உன்ர கடையில மருந்து இல்லையோ?" என்று என்னிடமே கேட்பாய். நான் முழுக்கை வெள்ளைச் சேர்ட்டோடு மருந்துக்கடையில் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டும்.

துறைமுகக் கந்தோரில் நீ வேலை செய்த காலம் முழுக்க என் கடையின் பின்னறைதான் உனக்கு உடுப்பு மாற்றும் அறை. கந்தோர் விட்டதும் நேராக வருவாய். சப்பாத்தைக் கழற்றி என் கதிரைக்குக் கீழே தள்ளுவாய். இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய், கட்டைக் களிசானும் பூப்போட்ட அரைக்கைச் சேர்ட்டும் தோல் செருப்புமாக வெளியே வருவாய். ஒருநாள் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா பயந்தே போனார். "தம்பி, உள்ள போனவர் ஒராள், வெளியில வாறவர் வேறொராள். பின்னுக்கு வேற வாசல் இருக்கோ?" என்று கேட்டார். நிலாவெளிக் கடற்கரைக்குப் போகும் ஓட்டோக்காரர்கள் உன்னை விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுத் தமிழன் என்று நினைத்து உன்னோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார்கள். உனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். பிறந்ததிலிருந்து இந்த ஊரைத் தாண்டிக் குடியிருக்காதவன் நீ.

உன் சட்டதிட்டங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். மேல் பொத்தான் பாதிரியாருக்கு முன்னால் மட்டும் பூட்டுவது. செருப்புக்குள் காலுறை போடுகிறவனோடு கதைக்கக் கூடாது. "சேர்ட்டு உடம்பில ஒட்டப்படாது. காத்து உள்ளுக்க வந்து கதைச்சிட்டுப் போகோணும்." என்னைப் பற்றி நீ சொன்னது வேறு. "உன்னைப் பாத்தா எப்பவும் செத்த வீட்டுக்குப் போற மாதிரியே இருக்குது மச்சான்."

ஆனால் பூப்போட்ட சேர்ட்டெல்லாம் சாதாரண நாட்களுக்குத்தான். பந்தாட்ட நாளில் உனக்கு ஒரே உடுப்பு, லண்டனில் இருந்து உன் தங்கச்சி அனுப்பிய, உன் இங்கிலாந்து அணியின் அந்தச் சிவப்பு ஜேர்சி. அவள் நீ மெலிந்திருந்த காலத்தை நினைத்து வாங்கியிருக்க வேண்டும். உன் வயிறு அதற்குள் ஒருநாளும் ஒழுங்காக அடங்கியதில்லை. காற்று உள்ளே வந்து கதைக்க அதில் இடமே இல்லை, ஆனால் அதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். உன் அணி வென்றுகொண்டிருந்தால் அதைத் தோய்க்கக் கூடாது என்பது உன் வீட்டுச் சட்டம். ஒருமுறை அவர்கள் மாதக் கணக்கில் தோற்கவில்லை. உன் மனுசி ரெஜினா அந்த ஜேர்சியைத் தடியால் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தாள். "அண்ணா, மணக்குது. இதைத் தோய்ச்சா தோக்கிறது அந்த வெள்ளைக்காரங்கள். தோய்க்காட்டிச் சாகிறது நான். ஒரு நியாயம் சொல்லுங்கோ." நான் எதிரணிக்காரன். அவர்கள் தோற்கட்டும் என்று, உடனே தோய்க்கச் சொன்னேன். நீ ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட நீதான் கொழும்புப் பயணத்துக்குத் திட்டம் போட்டாய். எங்கள் ஊர்ப் பந்தாட்டக் கழகம் எதிர்பாராமல் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆதரவாளர்களுக்குக் கழகம் பஸ் பிடித்திருந்தது. நீ அதில் ஏற மாட்டேன் என்றாய். "எல்லாரோடயும் பஸ்ஸில போனா அது மட்ச் பாக்கப் போறது. முதல் நாள் நாங்கள் ரெண்டு பேரும் போனா, அது பயணம்." மனைவிமார் வேண்டாம், பொதி வேண்டாம், ஆளுக்கு ஒரு தோள்பை. விடியற்காலை பஸ் தம்பலகாமத்து வயல்களைத் தாண்டும்போதே நீ சப்பாத்தைக் கழற்றி, "இனி நான் ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை" என்று அறிவித்தாய்.

வெள்ளவத்தையில் அறை எடுத்துவிட்டு, நேரே புறக்கோட்டைக்கு இழுத்துப் போனாய். கழகத்தின் நிறம் நீலம். ஆனால் ஜேர்சி விளையாடுகிறவனுக்கு, அதே நிறத்தில் நல்ல சேர்ட்டு ரசிகனுக்கு என்பது உன் வாதம். அரை நாள் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு ஒடுங்கிய கடையில், கடல் நீலத்தில், முழங்கைக்கு மேலே நிற்கும் கையுள்ள லினன் சேர்ட் இரண்டைக் கண்டுபிடித்தாய். கடைக்காரர் ஏதோ விலை சொன்னார், நீ துணியைக் கையில் பொத்திக் கசக்கிப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கினாய். "கசங்குது, உண்மையான சாமான்." வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வெள்ளையில்லாத ஒரு சேர்ட்டோடு தெருவில் நடந்தேன். நீ என்னைச் சுற்றி வந்து பார்த்து, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாய்.

மறுநாள் மைதான வாசலில் நின்றவர் எங்கள் சேர்ட்டுகளைப் பார்த்ததும் சிரித்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி, இடப்பக்கப் படிகளைக் காட்டினார். "பாத்தியோ, உடுப்புக்கு உள்ள மரியாதை" என்றாய். மேலே போனால் திரும்பிய பக்கமெல்லாம் நீலம். "எங்கட சனம் இவ்வளவு வந்திருக்குதோ!" என்று உனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் சிங்களம் கதைக்கிறார்களே என்று நான் கேட்டேன். "திருகோணமலையில சிங்களச் சனம் இல்லையோ? சும்மா இரு" என்றாய்.

பிறகு அணிகள் இறங்கின. நீலத்தில் வந்தவர்கள் எதிரணி. இரண்டு கழகங்களுக்கும் ஒரே நிறம் என்பதால், எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு வெள்ளை உடுப்பில் வந்தார்கள். எதிர்ப்பக்கப் படிகளில், பஸ்ஸில் வந்த எங்கள் சனம் வெள்ளைக் கொடியோடு துள்ளிக்கொண்டிருந்தது. என் வழமையான வெள்ளைச் சேர்ட்டோடு வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று நான் மெல்லச் சொன்னேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

நாங்கள் முதல் கோல் போட்டபோது நீ துள்ளி எழும்பினாய். அந்தப் படியில் எழும்பியது நீ மட்டும்தான். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும், உயர்த்திய கைகளை அப்படியே தலையில் வைத்து "ஐயோ!" என்று கத்தினாயே, அதைப் போல ஒரு நடிப்பை நான் அதற்குப் பிறகு காணவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் உன் முதுகைத் தடவி, "கமக் நே, மல்லி" என்றார். பரவாயில்லைத் தம்பி என்று உனக்கு ஆறுதல். கடைசியில் தண்ட உதையில் நாங்கள் தோற்றோம். வென்றவர்களின் பப்பரே மேளம் முழங்கியது. அந்த மனிதர் உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நீயும் கட்டிப்பிடித்து, குழந்தை மாதிரி அழுதாய். அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, கண் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தார்.

அன்று பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுகொண்டு நின்றோம். கடல் காற்றில் சேர்ட் இரண்டும் உப்பிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றி எறிவாய் என்று நினைத்தேன். நீ விரலால் கொலரைத் தடவினாய்.

"தோத்த நாளில போட்ட சேர்ட்டுத்தான்டா சேர்ட்டு. வெல்லேக்க எந்தச் சேர்ட்டும் வடிவாத்தான் இருக்கும்" என்றாய். பிறகு வடையை மென்றுகொண்டே, "மச்சான், நான் செத்தா எங்கட ஆக்கள் கோட்டு, டை, சப்பாத்து எல்லாம் போட்டுத்தான் பெட்டிக்குள்ள கிடத்துவினம். விடாத. எனக்கு இந்தச் சேர்ட்டும் கட்டைக் களிசானும்."

"விசர்க் கதை கதையாத. நீ என்னை அனுப்பிப்போட்டுத்தான் போவாய்."

"நான் பகிடி விடேல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். கையில் வடை எண்ணெயோடு பண்ணிய சத்தியம்.

நோய் வந்த பிறகு அதை நீ மறந்திருப்பாய் என்று நம்பினேன். மறக்கவில்லை. உடம்பு கரைந்து, கட்டைக் களிசானை நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாய். தலைமாட்டில் சிவப்பு ஜேர்சி தொங்கியது. உன் அணி அந்தப் பருவத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, ஆகவே அது தோய்க்காமல் தொங்கியது. ரெஜினா அந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. நான் மருந்து கொண்டுவரும்போதெல்லாம் நீ கேட்டது ஒன்றேதான்: "கோட்டு விசயம் ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. ஆனால் என்னால் ஏலாமல் போய்விட்டது. நீ போன அன்று நான் வருவதற்கு முன்பே ரெஜினாவின் தமையன் கறுப்புக் கோட்டோடு வந்து சேர்ந்திருந்தார். உன் ஆசையைச் சொன்னேன். "நாலு சனம் வந்து பாக்கிற இடம். கட்டைக் களிசானோட கிடத்த ஏலுமே? பாதர் என்ன நினைப்பார்?" என்றார். நான் விடவில்லை. குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் அவரின்ர சிநேகிதர், ஓம். ஆனா இது எங்கட குடும்பக் காரியம்." நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு, உனக்கு உடுப்புப் போடுவது தான் மட்டும்தான் என்று சொல்லி, எல்லோரையும் அறையை விட்டு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நான் வெளியே, கூடாரத்துக்குக் கீழே போய் இருந்தேன். வாழ்நாளில் நீ என்னிடம் கேட்ட ஒரே காரியம்.

பெட்டியில் உன்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். "நோய்க்காரர் மாதிரியே இல்லை. நல்லாப் பூரிச்சு இருக்கிறார்." உண்மைதான். அவ்வளவு மெலிந்த உனக்கு அந்தக் கோட்டு அளவெடுத்துத் தைத்தது போல் நின்றது. மருந்தால் வந்த வீக்கம் என்று நான் எனக்குள் கணக்குப் போட்டேன். கோபத்தில் உன் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இந்த ஒரு வருடமாக உன் வீட்டுப் பக்கம் நான் அதிகம் போகாததற்கும் அந்தக் கோபம்தான் காரணம்.

இன்றைக்கு அதனால்தான் இந்தச் சேர்ட்டை எடுத்தேன். உனக்குப் போட முடியாததை நானாவது போட்டு வர வேண்டும் என்று இருந்தது. திருப்பலிக்கு வந்தவர்கள் எல்லோரும் வெள்ளையும் கறுப்புமாக நிற்க, நான் மட்டும் கடல் நீலத்தில் நின்றேன். ரெஜினாவின் தமையன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பூசை முடிந்து, எல்லோரும் உன் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ரெஜினா கண்ணால் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள். கசங்கிய கையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதின்ர சோடி எங்கயெண்டு கேக்கேல்லையே நீங்கள்?"

"அலுமாரியில இருக்கும்."

"இல்லை அண்ணா. அவர் போட்டுக்கொண்டுதான் போனவர்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முதல் அந்தச் சிவப்புப் பெனியன். அதுக்கு மேல இந்தச் சேர்ட்டு. அதுக்கு மேலதான் வெள்ளைச் சேர்ட்டும் கோட்டும். எல்லாரும் பூரிச்சு இருக்கிறார் எண்டவை. பிடிபட்டிடுவனோ எண்டு பயந்துகொண்டிருந்தனான்."

பிறகு கேட்டேன், "களிசான்?"

"நீட்டுக்குள்ள கட்டை."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் சிரிச்சுப்போடுவீங்கள். செத்த வீட்டில சிரிக்க ஏலுமே?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்டுதான் கவலை. அவருக்குப் புழுங்கியிருக்கும். அந்தப் பெனியனையும் நான் தோய்க்கேல்ல அண்ணா. அவங்கள் வெண்டுகொண்டிருந்தவங்கள்தானே."

நான் சிரித்தேன். குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். தமையன் எட்டிப் பார்த்தார். ரெஜினா அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். துறைமுகப் பக்கமிருந்து காற்று சேர்ட்டுக்குள் வந்து போனது. இப்போது சேர்ட்டைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டியிருக்கிறேன். வேர்வையும் மெழுகுதிரிப் புகையும் கொஞ்சம் மணக்கின்றன. தோய்க்கத் தரும்படி மனைவி கேட்டாள், இப்போது வேண்டாம் என்றேன். நான் உன் அணிக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஒருநாளும் ஆகவும் மாட்டேன். ஆனால் அவர்கள் போன கிழமை வென்றிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை அடுத்த ஆட்டம். அதுவரைக்கும் இது ஆணியிலேயே தொங்கட்டும்.