சீஃப் மேஜையை விட்டு எழுந்த நாள்

மார்ச் 2

காலையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது பெட்ரா போன் செய்தாள். கப்பலில் அவள் அலுவலக எழுத்தர். யாருக்கு மாற்றல், யாருக்கு உயர்வு என்று எல்லாம் முதலில் அவளுக்குத்தான் தெரியும். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அதில் மாற்றமில்லை.

"மே மாசம் நம்ம 'கெல்டன்' கப்பல் ஆளுங்க எல்லாரும் நார்ஃபோக்ல கூடறோம். நீ உள்ளூர்க்காரி. மண்டபம் பிடிக்கிறது உன் பொறுப்பு."

சரி என்றேன். போனை வைக்கப்போகிற மாதிரி கொஞ்சம் இழுத்துவிட்டு, "லாவெல் தீபோவும் வர்றானாம்" என்றாள்.

வாணலியில் புகை வந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"முட்டை கருகிடுச்சு."

"முட்டையா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

எனக்கு அறுபத்தெட்டு வயது. இடது முழங்கால் உலோகம். கடற்படையிலிருந்து சீனியர் சீஃபாக ஓய்வு பெற்றவள். கருகின முட்டையைச் சிரித்துக்கொண்டே தின்றேன்.

மார்ச் 3

முடி வெட்டிக்கொண்டேன். மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போகவேண்டுமல்லவா, அதற்காகத்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 11

சனிக்கிழமை என்றால் பழைய ஆட்களோடு ஓஷன் வியூ கடையில் காலைச் சாப்பாடு. இன்றும் அதே சண்டை: கப்பலில் எந்தப் பிரிவு பெரிது?

டெக்ஸ்டர் எங்கள் சமையல்காரர். "ஒரு வேளை நான் அடுப்பு மூட்டலன்னா கப்பல் நகருமா?" என்று ஆரம்பித்தார்.

"என் கொதிகலன் இல்லாம உன் அடுப்பு எங்கய்யா எரியும்?" இது ஹோல்கர். எண்பத்தொரு வயது, மாஸ்டர் சீஃப். படைவீரனாகச் சேர்ந்தவன் ஏறக்கூடிய கடைசிப் படி அது. அதற்கு மேலே கடவுள்தான் என்று அவரே சொல்வார்.

நான் விடுவேனா? "நான் கொடி காட்டலன்னா நீங்க ரெண்டு பேரும் எந்தத் துறைமுகம்னே தெரியாம இன்னிக்கும் சுத்திக்கிட்டிருப்பீங்க."

"உன் பிரிவையே கடற்படை இழுத்து மூடிடுச்சேம்மா! இப்ப சிக்னல் ஆளுன்னு ஒருத்தர்கூட கிடையாது" என்றார் ஹோல்கர்.

"எனக்கு அப்புறம் தகுந்த ஆள் கிடைக்கல. மூடிட்டாங்க."

டெக்ஸ்டருக்குப் புரையேறி காபி மூக்கு வழியாக வந்தது.

அப்புறம் பேச்சு உயர்வு பக்கம் போனது. கையில் புதுப் பட்டை தைத்த அன்று, அது நன்றாக ஒட்டவேண்டும் என்று சொல்லி ஆளாளுக்கு வந்து தோளில் ஒரு குத்து விடுவார்கள். டெக்ஸ்டர் இரண்டாம் பட்டை வாங்கியபோது முந்தின நாள் சூப்பில் உப்பு தூக்கலாம். கப்பலே வரிசையில் நின்று குத்தியிருக்கிறது. நான் சீஃப் ஆனபோது ஆறு வாரம் படாத பாடு படுத்தினார்கள். தினமும் காலையில் நங்கூரத்துக்கு முன்னால் நின்று தாலாட்டுப் பாடவேண்டும். ஹோல்கர் பக்கத்தில் நின்று, "தூங்கல, இன்னும் ஒரு தடவை" என்பார்.

கடைசியில் அவர் குண்டைப் போட்டார். மே மாத விருந்தில் சீஃப்களுக்குத் தனி மேஜை. மற்றவர்கள் அங்கே உட்காரக்கூடாது, நாங்களும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

"நாம எல்லாரும் ஓய்வு பெத்தாச்சு, மாஸ்டர் சீஃப்."

"மரபு ஓய்வு பெறல" என்றார்.

லாவெல் முதல் வகுப்போடு, அதாவது சீஃபுக்கு ஒரு படி கீழே, ஓய்வு பெற்றவன். சீஃப் ஆகவேயில்லை.

மார்ச் 19

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

1986. நானும் அவனும் முதல் வகுப்பு. அவன் போசன் பிரிவு. கயிறு, நங்கூரம், படகு எல்லாம் அவன் கையில். கழுத்தில் வெள்ளி விசில். வேலை முடிந்த சாயங்காலங்களில் சிக்னல் தளத்துக்கு ஏறி வருவான். கொடியில்லாமல் வெறுங்கையை எழுத்துக்கு ஒரு கோணமாக நீட்டிச் செய்தி காட்டக் கற்றுக்கொடுத்தேன். அவன் முதலில் கோர்த்த வார்த்தை "பசி". நேப்பிள்ஸில் ஒரு நாள் கரைக்குப் போனோம். ஒரு கடை வாசலில் யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினோம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதத்தில் உயர்வு வந்தது. எனக்கு மட்டும். ஒரே கப்பலில் சீஃபும் முதல் வகுப்பும் ஜோடியாகச் சுற்ற விதியில் இடம் கிடையாது. யாரும் எங்களிடம் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் கழுத்துப்பட்டியில் சீஃப் சின்னமான நங்கூரம் குத்திய அன்று மரியாதை விசில் ஊதியவன் அவன்தான். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு வெர்னா என்ற என் பேரே அவன் வாயில் வரவில்லை. "குட் மார்னிங், சீஃப்." மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் பிறகு ஒருவரைக் கட்டி, மூன்று வருடத்தில் விட்டேன்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? வேண்டாம்னு சொல்லியிருக்கணுமா? பதிமூணு வருஷம் நாய் மாதிரி உழைச்சு வாங்கினது. பொம்பளைக்குக் கப்பல்ல என்ன வேலைன்னு கேட்டவன் முன்னாடி நின்னு வாங்கினது. ஏன் விடணும்? இன்னிக்கு யாராவது கேட்டாலும் விட மாட்டேன் — அவன் கேட்டாலும்.

அதுதான் பயமா இருக்கு.

ஏப்ரல் 1

இன்று கடையில் ஒரு துக்கம். ஹோல்கர் தன் காபிக் கோப்பையை அங்கேயே வைத்திருப்பார். சீஃபின் கோப்பை உட்புறம் கழுவக்கூடாது என்பது வழக்கம். கறை எத்தனை கறுப்போ அத்தனை கௌரவம். அவருடையது தார் டப்பா மாதிரி இருக்கும். புதிதாக வந்த பரிசாரகப் பெண் பாவம், அரைமணி நேரம் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள்.

ஹோல்கர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அடியில பூ போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "இதுல பூ இருக்குன்னே எனக்குத் தெரியாது."

டெக்ஸ்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 29

பெட்ராவோடு கடைக்குப் போய் நீல உடுப்பு வாங்கினேன். "இது யாருக்காக?" என்றாள். "எனக்காக" என்றேன். "சரிங்க சீஃப்" என்றாள், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அடிக்கலாம் போலிருந்தது.

மே 19

வந்துவிட்டான்.

முடி முழுக்க வெள்ளை. நடை அதே நடைதான், தரை ஆடுகிற மாதிரி காலை அகட்டி வைத்து. வரவேற்பு நடந்த இடத்தில் ஒரே இரைச்சல். நான் நேராகப் போய், மூன்று வாரமாக மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "லாவெல், உன் மனைவி தவறினது கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருந்தது. உன்னைப் பாக்கறதுல சந்தோஷம்."

அவன் சிரித்தான், தலையாட்டினான். "ஆமாங்க சீஃப். மழை வரும்போலத்தான் இருக்கு" என்றான்.

மழையாம்!

நான் அப்படியே திரும்பி வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். என்னை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டான் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்ரா ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"லூசு! அவனுக்குக் காது போச்சுடி. இருபது வருஷம் நங்கூரச் சங்கிலி பக்கத்துல நின்னவன் இல்ல? மிஷின் மாட்டியிருக்கான், கூட்டத்துல அது வேலை செய்யாதாம். நீ என்ன சொன்னன்னு என்கிட்ட வந்து கேக்கறான். முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. இரண்டும்தான்.

மே 21

நேற்று நடந்தது. 

மண்டபத்தின் ஒரு கோடியில் சீஃப் மேஜை, ஹோல்கர் தலைமையில். மறு கோடியில் முதல் வகுப்பு. நடுவே இசைக்குழு, நூற்றுக்கணக்கான கிழங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். லாவெல் தன் மேஜையில் தட்டைப் பார்த்தபடி இருந்தான். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் அவனும் சிரித்தான், ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி எனக்குப் பொறுக்கவில்லை.

மேஜையிலிருந்து கை துடைக்கும் துணிகள் இரண்டை எடுத்தேன். எழுந்து நின்றேன். அவன் நிமிர்கிறவரை இரண்டையும் தலைக்கு மேல் ஆட்டினேன். நிமிர்ந்தான். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, தோள்பட்டை கறகறவென்று சத்தம் போட, காட்டினேன்: ஆ-ட-லா-மா? ஆங்கிலத்தில்தான், 'டான்ஸ்' என்று, ஐந்தே எழுத்து.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறந்திருப்பான் என்று நினைத்தேன். எத்தனை வருடமாயிற்று! அப்புறம் மெதுவாக எழுந்தான். பக்கத்து ஆளிடமிருந்து ஒரு துணியைப் பிடுங்கினான்.

இரண்டு கையும் கீழே சாய்ந்தன. 'என்'.

அடுத்தது 'ஓ'.

நோ.

 சரிதான், வேணும் எனக்கு, எல்லார் முன்னாடியும் — துணியைக் கீழே போட்டேன். அவன் தலையை வேகமாக ஆட்டினான், பொறு பொறு என்று. அடுத்த எழுத்துக்குக் கையை எங்கே வைப்பது என்று தடுமாறினான். ஒரு முறை தப்பாக வைத்து அழித்தான். பிறகு வைத்தான்.

'டபிள்யூ'.

நவ். இப்பவே!

மண்டபத்தில் கொடி படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன், முட்டாள். சிக்னல் பிரிவின் பழைய ஆட்கள் ஒன்பது பேர் வெவ்வேறு மேஜையில் இருந்து, அத்தனையையும் வாசித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கூவினார்கள். ஒருவர் நாற்காலிமேல் ஏறி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். பெட்ரா விசிலடித்தாள்.

நான் என் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சீனியர் சீஃப், எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் ஹோல்கர்.

"முதல் வகுப்பு மேஜைக்கு."

"தட்டோடவா?"

"தட்டோடதான், மாஸ்டர் சீஃப்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப்பையில் குத்தியிருந்த நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் பதிலுக்குத் தயாராக இருந்தேன். "அப்ப அந்த வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போங்க" என்றார்.

ஆடும்போது வலது காதோரம் பேசினால் அவனுக்குக் கேட்கிறது. "உன் முழங்கால் எது?" என்றான். "இடது." "என் காது வலது. அப்ப இந்தப் பக்கமாவே சுத்துவோம்."

கேட்டேவிட்டேன். அன்றைக்கு ஏன் என்னைப் பார்க்கவேயில்லை?

"விசில் ஊதறவன் அழுதா ஸ்வரம் உடைஞ்சிடும் வெர்னா. உன் நாள்ல அது உடையக்கூடாதுன்னு தரையைப் பாத்து ஊதினேன்."

"நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்தியா?"

"சொல்லியிருந்தா உன்னோட பேசியே இருக்க மாட்டேன். நான் ஆறு தடவை முட்டி மோதினது அது. உனக்குக் கிடைச்சதை நீ தூக்கிப் போட்டிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

இதை முப்பத்தேழு வருடம் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மே 22

ஊருக்குப் போய்விட்டான். டெக்சாஸ், லபக். மகள் பக்கத்தில் இருக்கிறாளாம். என் வீட்டில் இரண்டே அறைதான், ஆனால் இன்று கப்பல்துறை மாதிரி விரிந்து கிடக்கிறது.

ஜூன் 30

லபக்குக்கு வந்துவிடு என்று செய்தி அனுப்பினான். முடியாது என்று அனுப்பினேன். இந்த விரிகுடாவைப் பார்க்காமல் என்னால் காபி குடிக்க முடியாது. அதன்பிறகு பதில் இல்லை.

ஜூலை 4

இன்னும் பதில் இல்லை. சுதந்திர தின வாணவேடிக்கை. நாய்கள் குரைக்கின்றன. என் திமிர் என்னை விடாதா? கொஞ்சம் பொறுமையா எழுதியிருக்கக்கூடாதா வெர்னா? "யோசிக்கிறேன்"னு சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?

ஜூலை 5

பதில் வந்தது! "மகளோடு பேசி முடிக்க நாலு நாள் ஆச்சு. இந்த ஊர்ல தண்ணின்னா குழாயில வர்றது மட்டும்தான். போசனுக்கு இங்க என்ன வேலை? உன் தெருவுல வண்டி நிறுத்த இடம் இருக்கா?"

இருக்கு இருக்கு இருக்கு.

அக்டோபர் 14

நல்ல வெயில். லாவெல் முன்வாசல் கைப்பிடிக்குக் கப்பலின் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து முடித்தான். அதோடு நிற்கவில்லை. தபால் பெட்டி, கேஸ் மீட்டர், பூந்தொட்டி, தோட்டக் குழாய் — அசையாமல் நின்ற எதுவும் தப்பவில்லை. நான்கூட நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்து நடந்தேன்.

பக்கத்து வீட்டு மிசஸ் பிளெட்சர் வேலி ஓரம் நின்று நெடுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டுக்காரர் எங்க வேலியையும் கொஞ்சம் அடிச்சுத் தருவாரா?" என்று கேட்டாள்.

"அவர்கிட்ட வலது பக்கமா வந்து கேளுங்க" என்றேன்.