யார் வீட்டு டம்ளர்

நேற்று வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தது. அட்டைப்பெட்டிக்குள், தெர்மாகோலுக்கும் உத்தரவாதச் சீட்டுக்கும் நடுவில், ஒரு சின்னச் சமையல் கையேடு. வழவழப்பான தாள். மூன்றாம் பக்கத்தில் ரவா உப்புமா. எல்லாம் கிராமில். உப்புகூட கிராமில். அம்மா மிக்ஸிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கையேட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு சமையல் குறிப்பு, அதில் டம்ளரே இல்லை. உடனே ரயிலேறிப் போய் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சந்தோஷப்பட்டிருப்பாயா? இல்லை, ஏமாந்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் உங்கள் வீடு திருநெல்வேலி. எங்கள் வீடு வேலூர். மாடியில் தஞ்சாவூர், எதிர் பிளாக்கில் கோயம்புத்தூர். அப்பாக்கள் தொழிற்சாலையின் ஒரே சங்குக்குக் கிளம்பி ஒரே சங்குக்குத் திரும்பினார்கள். அம்மாக்களின் சாம்பார்கள்தான் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பள்ளி முடித்த கோடையில் நீ மாடி வீட்டு மாமியிடம் ஒரு குழம்புக்கு அளவு கேட்டாய்.

"ஒரு டம்ளர் பருப்பு போட்டுக்கோ."

"எந்த டம்ளர் மாமி?"

"டம்ளர்னா டம்ளர்தாண்டி! இது என்ன கேள்வி?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. படியிறங்கி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாய்.

அதற்குப் பிறகுதான் புத்தகங்கள் சேர ஆரம்பித்தன. வாரப் பத்திரிகைகளோடு வரும் சமையல் இணைப்புகள். அவற்றின் துருப்பிடித்த பின்னை நெம்பி எடுத்துவிட்டு நூலால் தைப்பாய். குக்கரோடு வரும் கையேடுகள்; நம் வீடுகளில் வாங்காத குக்கர்களின் கையேடுகளும் எப்படியோ உன்னிடம் வந்தன. அம்பத்தூர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை, அட்டை கிழிந்தவை, முன்னுரை இல்லாதவை, மஞ்சள் விரல் பதிந்தவை. "கறை பட்ட புக்குதாம்ட்டி நல்ல புக்கு," என்பாய். "யாரோ சமைச்சிருக்கா."

நான் பல்கலைக்கழகத்தில் கவிதை படித்துக்கொண்டிருந்தேன். மின்சார ரயிலில் என் மடியில் ஒரு புத்தகம் இருக்கும், உன் மடியில் ஒரு புத்தகம். என்னுடையதில் பொருள் விளங்காத வரிகள். உன்னுடையதில் 'தேவையான அளவு', 'சிறிதளவு', 'பதமாக'. எது கடினம் என்று நாம் ஒருமுறை வில்லிவாக்கம்வரை விவாதித்தோம். நீதான் வென்றாய். என் வரிகள் புரியாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்றாய்.

கல்யாணமாகி நீ கொரட்டூருக்குப் போனபோது இரண்டு டிரங்குப் பெட்டிகள் போயின. ஒன்றில் புடவை. மற்றதில் புத்தகம். உன் மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம்: "எல்லா ஊட்லயும் சீரா பாத்திரம் வரும். நம்ம ஊட்டுக்குப் பேப்பரு வந்துகீது." ஏரிக்குக் கீழே வயல் இருந்த காலத்தில் நாற்று நட்டவர் அவர். வயலெல்லாம் மனையாகி, இரண்டு மகன்களும் அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவர் உன் கணவர். இளையவனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. இரண்டே அறை. ஆவணியில் கல்யாணம். வரப்போகும் பெண்ணுக்கு அலமாரி வேண்டும். அந்த வீட்டில் இருந்ததே ஒரு சுவர் அலமாரி. அதை முழுக்க உன் புத்தகங்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

நான் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன் மாமியார் தீர்ப்புச் சொன்னார். "பாரும்மே, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. நீ சமைச்ச புக்கு இருக்கட்டும், மேல் தட்டுல வச்சிக்கோ. சமைக்காதது எல்லாம் ஆடி முடிஞ்சா பேப்பர் கடைக்கி. இன்னா சொல்ற?"

நீ சரி என்றாய். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் வைத்துக் கேட்டேன். அதுவரை வாசிக்க மட்டுமே செய்த புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவை போய்விடாதா என்று. உன் கண்ணில் கவலையே இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"அத்தை சொல்லுததும் சரிதானட்டி. சமைக்காம எப்படித் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"யார் வீட்டு டம்ளர்னு."

அதுவரை நீ புத்தகங்களை அடுக்காத விதமில்லை. உயரப்படி அடுக்கினாய். சைவம், அசைவம் என்று பிரித்தாய். மாவட்டவாரியாக மாற்றினாய். எதிலும் திருப்தியில்லை. ஆடி மாதத்தில்தான் உனக்கான ஒழுங்கு கிடைத்தது. எல்லாப் புத்தகத்திலும் உப்புமா இருக்கும். ஒரு டம்ளர் ரவைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர். டம்ளர் எதுவானாலும் அந்தக் கணக்கு தப்பாது. ஆனால் உப்பை மட்டும் ஸ்பூனில் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு ஸ்பூன் உப்பு கரித்தால், எழுதியவள் வீட்டு டம்ளர் நம்முடையதைவிடப் பெரியது. சப்பென்று இருந்தால் சிறியது. உப்பு சரியாக நிற்கும்வரை டம்ளரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த டம்ளரில் நிற்கிறதோ அதுதான் அந்தப் புத்தகத்தின் டம்ளர்.

"ஸ்பூனும்தானே வீட்டுக்கு வீடு மாறும்?" என்று கேட்டேன். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுத்தந்தது அப்படிக் கேட்கத்தான்.

"மாறும்," என்றாய். "எதையாவது ஒண்ண நம்பித்தானட்டி ஆகணும்."

குவார்ட்டர்ஸ் முழுக்க அலைந்து டம்ளர்கள் கொண்டுவந்தாய். காப்பி குடிக்கும் குட்டி டம்ளர், விளிம்பு மடிந்த தஞ்சாவூர் டம்ளர், கோயம்புத்தூர்க்காரர்களின் நெட்டை டம்ளர், பித்தளையில் ஒன்று. அலமாரித் தட்டில் அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தினாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதற்குரிய புத்தகங்கள் சேர்ந்தன. நூலகத்தில் நான் எத்தனையோ பகுப்பு முறைகள் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ருசி பார்க்க உனக்கு ஒரு நாக்கு தேவைப்பட்டது. உன் நாக்கு காலையிலிருந்து உப்புமாவிலேயே கிடந்து மரத்துப்போயிருந்தது. என்னுடையதை நீ நம்பவில்லை. உன் கொழுந்தன் எதைக் கொடுத்தாலும் "சூப்பர் அண்ணி" என்பான். எஞ்சியது மாமியார். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சாப்பிடுகிறவர். ஒரு கல் உப்பு கூடினாலும் விட மாட்டார். அவரிடம் எதுவும் சொல்லாமல் தட்டை மட்டும் நீட்டினாய்.

"கரிக்குது."

நீ உள்ளே போய்ப் புத்தகத்தை நெட்டை டம்ளர் பக்கம் நகர்த்தினாய்.

"சப்புனு கீது. ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி."

காப்பி டம்ளர் பக்கம்.

கொழுந்தன் வேலைக்குக் கிளம்பும்போது குரல் கொடுப்பான்: "அண்ணி, இன்னிக்கி எந்த ஊரு உப்புமா?" மாமியார் தெருக்குழாயில் நின்று புலம்புவார்: "ஊரே ஆடிக்குக் கூழு ஊத்துது. எம் மருமவ உப்புமா ஊத்துறா."

ஒரு ஞாயிறு அவர் எழுந்து உன் பின்னாலேயே வந்துவிட்டார். நீ புத்தகத்தை இடம் மாற்றுவதைப் பார்த்தார். டம்ளர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் நாக்க வச்சி அளந்துகினு கீறியா நீ?"

நீ, "ஆமா அத்தை," என்றாய்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "முன்னாடியே ஒயுங்கா சொல்றதுக்கு இன்னா? வெத்தல போட்டுகினு துன்னா உப்பு தெரியுமா? இனிமே நான் வாய் கொப்புளிச்சிட்டு வர்றேன்."

அன்றிலிருந்து அவருக்கும் அந்த நோய் பிடித்தது. நெட்டை டம்ளர் வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார். எழுத்து தெரியாது. "இத்த எழுதினவ ஊட்ல எத்தினி பேரு இருப்பாங்க? இம்மாம் பெரிய டம்ளரு. மாமியா, மாமனாரு, நாத்தனாரு எல்லாம் இருந்துருப்பாங்க. பாவம்." குட்டி டம்ளரைக் காட்டி, "இவ தனிக்குடித்தனம்," என்பார். நீங்கள் இருவரும் யார் என்றே தெரியாத பெண்களின் வீடுகளைப் பற்றி ஒரு மதியம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆடி முடிந்துவிட்டது. பாதிப் புத்தகங்களுக்கு மேல் சமைத்திருந்தாய். மீதியை மாமியாரே கயிற்றால் கட்டினார். முகம் நன்றாக இல்லை. வார்த்தை கொடுத்தாயிற்று, பெண் வீட்டார் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போயாயிற்று. பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்தித் தராசை எடுத்தார்.

நீ அந்தக் கட்டை அவிழ்த்தாய். அலமாரிக்குப் போய், டம்ளர்களுக்குப் பின்னால் நின்ற புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து தராசின் அருகில் வைத்தாய்.

"ஏம்மே, அது சமைச்சதுமே!" மாமியார் பதறினார். "மாத்தி எட்தாந்துட்ட."

"மாத்தல அத்தை. இதுதான் போகட்டும்."

"பைத்தியமா உனுக்கு? இம்மா நாளு துன்னு பாத்தது எதுக்கு?"

நீ மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாய். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். டம்ளரைக் கவிழ்த்து வரைந்தது. பக்கத்தில் அதன் உயரத்துக்கு ஒரு கோடு. எல்லாப் புத்தகத்திலும் அப்படி வரைந்திருந்தாய். எப்போது வரைந்தாய் என்று எனக்குத் தெரியாது.

"இது முடிஞ்சிட்டு. இனி யார் வாங்குனாலும் உப்பு சரியா இருக்கும்," என்றாய். "மத்ததுக்கு இன்னும் தெரியலையே. தெரியாதத எப்படி விட?"

பேப்பர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அன்று முழுதாகப் புரியவில்லை. கோபம்கூட வந்தது. பொருளைச் சேர்க்கிறவர்கள் நல்லதை வைத்துக்கொண்டு மீதியைக் கழிப்பார்கள். நீ நன்றாக வந்ததையெல்லாம் அனுப்பினாய். அந்தப் புத்தகங்கள் எந்தெந்த அடுப்படிகளில் இருக்கின்றன என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அந்த வட்டத்தைப் பார்க்கிறவள் என்னவென்று எடுத்துக்கொள்வாள்? குழந்தை கிறுக்கியது என்று நினைப்பாளோ?

மிஞ்சிய கட்டு மாமியாரின் கட்டிலுக்கு அடியில் போனது. அவராகத்தான் இடம் கொடுத்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ எனக்குள் விட்டுப்போனது ஒரு கேள்வி. எதைப் படித்தாலும் அது வந்து நிற்கிறது. 'பெரிய துயரம்' என்று ஒரு கவிஞர் எழுதினால், யார் வீட்டு டம்ளரால் அளந்தது என்று கேட்கிறேன். வகுப்பில் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பேராசிரியர் நான் ஏதோ கோட்பாடு சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகு உன் கொழுந்தன் ஆவடிக்கு வந்தான். "அம்மா கூப்டுது," என்றான். புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிடத்தான் என்று நினைத்துப் பெரிய பையோடு போனேன். உன் மாமியார் ரவையை வறுத்து வைத்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி என்னிடம் நீட்டினார்.

"நீ படி. நான் கிளர்றேன்."

படித்தேன். அவர் வாய் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் போட்டு வெகுநேரம் மென்றார்.

"கம்மியா கீது," என்றார். "சின்ன டம்ளர எடு."

அப்படித்தான் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். உப்பு நின்றதும் வட்டம் வரைகிறேன். என் வட்டங்கள் உன்னுடையவைபோல் ஒழுங்காக வருவதில்லை. இளைய மருமகள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுக்கிறாள்.

போன வாரம், முடிந்த புத்தகங்களையெல்லாம் கட்டினோம். நீ இருந்தால் கொடுத்திருப்பாய் என்று மாமியார்தான் ஆரம்பித்தார். பேப்பர்காரர் வந்தார், தராசைத் தூக்கிப் பிடித்தார். நான் கட்டை அதில் வைக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்தார்.

"அடுத்த மாசம் குட்க்கலாம்," என்றார் என்னிடம். பேப்பர்காரரிடம், "நீ போய்ட்டு வா நைனா."

சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.