பீரோவுக்குள் வைத்த மோடம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் நீ 'நலம்' என்று ஒரு சொல் அனுப்புகிறாய், நானும் 'நலம்' என்று ஒரு சொல் அனுப்புகிறேன். தந்தி அடித்த காலத்தில்கூட மனிதர்கள் இதைவிடத் தாராளமாக இருந்தார்கள். உனக்கு ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் கடிதம். இது பாதியில் அறுந்துபோகாது.

முதலில் வீட்டுச் செய்தி. நம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. பெரிய சாலையிலிருந்து பதினான்கு கம்பங்கள். ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுக்க முடியாது என்றுதான் அலுவலகத்தில் முதலில் சொன்னார்கள். மூன்று விண்ணப்பம் எழுதினேன், நான்காவது முறை நகல்களோடு நேரிலேயே போனேன். மேலாளர் என்னைப் பார்த்ததும், "மறுபடியும் வருவீங்களா மேடம்?" என்றார். நாளைக்கும் வருவேன் என்றேன். வழியில் இன்னொரு வீடாவது சேர்ந்தால் செய்யலாம் என்று இறங்கி வந்தார். வழியில் இருப்பது கோழிப்பண்ணைக்காரர் ஒருவர்தான், அவரோ வேலியோரம் கம்பம் நடவே கூடாது என்று நின்றார். "கேபிள் ஓடினா கோழி முட்டை போடாதும்மா" என்றார். முப்பது வருஷமாகக் கரண்டு கம்பிக்குக் கீழே நின்றுதானே இவ்வளவு முட்டையும் போட்டன என்று கேட்டேன். இப்போது அவரும் இணைப்பு வாங்கிவிட்டு எந்நேரமும் படம் பார்க்கிறார், கோழிகள்தான் ஒழுங்காக வேலை பார்க்கின்றன.

புதன்கிழமை லைன்மேன் வந்து பழைய மோடம் எங்கே என்று கேட்டார். இரும்பு பீரோவைத் திறந்து காட்டினேன். உன் அப்பாவின் கோட்டுகளுக்கு மேல்தட்டில், நான் பின்னிய உறைக்குள், தூசி படாமல் நான்கு வருஷமாக இருக்கிறது. ஒயர் போக வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் பின்புறம் துளைகூடப் போட்டிருக்கிறேன். உன்னோடு வீடியோவில் பேசும்போது கதவைத் திறந்து வைப்பேன், பேசி முடித்ததும் பூட்டிவிடுவேன். பொருளைப் பரப்பி வைப்பவள் மனத்தையும் அப்படித்தான் வைத்திருப்பாள் என்று கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மனிதர் பீரோக் கதவை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "ஏம்மா, இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா சிக்னல் என்ன சாவி ஓட்டை வழியாவா வரும்?" என்றார். பேசும்போதே பூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "படம் அப்படியே நின்னுடும். நீங்க பேசறது அந்தப் பக்கம் போகாது" என்றார். அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, நாம் கடைசியாக முகம் பார்த்துப் பேசிய அந்த மாலை நீ, கல்யாண வாழ்க்கையை முடித்துக்கொள்கிறேன், அங்கேயே வந்து இருந்து வேலை பார்க்கட்டுமா, இணையம் தாங்குமா என்று கேட்டாய். பதில் சொல்வதற்கு முன் நான் எழுந்து போய் பீரோவைச் சாத்திப் பூட்டினேன். மனம் கலங்கினால் எதையாவது ஒழுங்குபடுத்துவது என் வழக்கம். உன் அப்பா போன அன்று சமையலறை அலமாரி முழுவதையும் அடுக்கினேன், நீயும் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பதில் சொன்னேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, அது எப்போதும் சுற்றுவதுதான். நீ அசையவில்லை, குறுக்கே பேசவில்லை. பிறந்ததிலிருந்து நீ என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரை அணைந்தது. யோசித்துச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ மறுபடி கேட்கவில்லை, என் மகள்தானே. சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இந்த இணைப்புக்கு அலைந்தேன், நீ ஒரு வார்த்தை சொல்லாததில் எனக்கு வருத்தமும் இருந்தது. இப்போது இல்லை. முகத்தில் அடித்தாற்போல் அம்மா அறுத்துவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். அறுத்தது என் கைதான். என் வாய் இல்லை.

ஒன்றை இரண்டு முறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நீ கேட்கவே இல்லை என்பதால் இதுவே முதல் முறை. அன்று நான் சொன்னது இதுதான்: வா. மேற்கு அறையைக் காலி செய்து வைக்கிறேன். ஏன் என்று நானாகக் கேட்கமாட்டேன். ஊர் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அறை காலியாகி மூன்று மாதம் ஆகிறது. மேசையை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். புதிய மோடம் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, உறை இல்லாமல் இருக்கிறது, தினமும் துடைக்கிறேன்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் குறையில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை 'நலம்' என்று அனுப்பாதே, அழை. நான் பேசும்போது குறுக்கே பேசு. அப்போதுதான் நீ கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா