ஒரே ஓர் ஆண் ஈ

மார்ச் 3
ஊருக்கே விடுமுறை. ஈக்களுக்கு ஏது விடுமுறை? ஆய்வகம் போய் வந்தேன்.

கோடைப் பயிற்சிக்கு இந்த வருடம் ஒரே ஓர் இடம்தான். நானும் ராடினாவும் ஆளுக்கோர் ஈ இனக்கலப்பு செய்து காட்ட வேண்டுமாம். யாருடையது சுத்தமாக வருகிறதோ அவளுக்குப் பத்து வாரம் ஆய்வகம். மற்றவள் கடற்கரை ஓட்டலில் தட்டுத் தூக்கலாம். போன கோடை முழுக்கத் தூக்கினேன். இனி என்னால் ஆகாது.

மார்ச் 7
ராடினாவும் நானும் விடுதியில் ஒரே அறை. நான் ஆறு மணிக்கே எழுந்து ஓடுகிறேன். அவள் பாலாடைக்கட்டி வைத்த பானித்ஸாவைக் கடித்துக்கொண்டு எட்டு மணிக்கு ஆடி அசைந்து வருகிறாள். பேராசிரியை ஸ்டாமென்கோவா அவள் கண்ணாடிக் குழாய்களைத் தூக்கிப் பார்த்து, "உனக்கு நல்ல கைராசிடியம்மா" என்றார். என்னுடையதைப் பார்த்து, "ம்" என்றார்.

ம்! அவ்வளவுதான்!

மார்ச் 8
பெண்கள் தினம். வகுப்புப் பையன்கள் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பூக் கொடுத்தார்கள். ராடினாவுக்கு இரண்டு.

மார்ச் 14
எழுதலாமா, வேண்டாமா? எழுதிவிடுகிறேன்.

பெண் ஈக்கள் கூட்டை உடைத்து வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் அவற்றைத் தனியே பிரித்துவிட வேண்டும். வேண்டாத ஓர் ஆண் உள்ளே இருந்து முன்பே சேர்ந்துவிட்டால் கலப்பு அத்தனையும் பாழ். ராடினாவின் மூன்றாம் குழாயில் ஓர் ஆண் இருந்தது. குட்டியாக, வால்புறம் கறுத்து. அவள் அப்போதுதான் பிரித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். ஓடிப் போய்ச் சொல்லியிருந்தால் எடுத்துப் போட்டிருப்பாள்.

குழாயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் என்ன செஞ்சேன்? நானா உள்ள விட்டேன்? அவ கண்ணு எங்க போச்சு?

மார்ச் 15
இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஏப்ரல் 2
ராடினாவின் கலப்பில் பெண் ஈ ஒன்றுக்குக்கூட வெள்ளைக் கண் வந்திருக்கக் கூடாது. ஏராளமாக வந்திருந்தது. பேராசிரியை, "உள்ள ஓர் ஆண் இருந்திருக்கு. பார்க்கலியா?" என்றார்.

"பார்த்தேன்னுதான் நெனச்சேன் மேடம். என் தப்புதான்."

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இடம் எனக்கு.

ஏப்ரல் 3
நல்லது நடந்தவள் சாக்லேட் பெட்டியோடு ஒவ்வொருவரிடமும் போய் நீட்ட வேண்டும். இல்லையென்றால் கருமி என்று பெயர் வரும். நீட்டினேன். ஆளுக்கொன்று எடுத்து வாழ்த்தினார்கள். ராடினா இரண்டு எடுத்தாள்.

"மாடு மாதிரி உழைச்சேடி நெவெனா. உனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்?" என்று கன்னத்தில் முத்தம் வேறு.

பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? பெட்டியைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன். "மூணாங் குழாய்ல ஆண் இருந்துச்சு. பதினாலாம் தேதியே பார்த்துட்டேன். சொல்லல."

அவள் வாயில் பாதி சாக்லேட்.

"ஏண்டி?"

"பொறாமை" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 4
பேராசிரியை கத்தவில்லை. "அவ மறுபடியும் செய்யட்டும். சரியா வந்தா இடம் அவளுக்கு. நீ கோடையில குழாய் கழுவு, ஈக்குத் தீனி காய்ச்சு. பிடிக்கலேன்னா கடலுக்குப் போ."

ராடினா அறை மாறிவிட்டாள். பாதி அலமாரி காலி.

மே 10
அவள் கலப்பு சுத்தம். இடம் அவளுக்கு. எனக்கு வயிறு எரிகிறது. இப்போதும் எரிய எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வயிறு அதையெல்லாம் கேட்டுவிட்டா எரிகிறது?

ஜூலை 9
தலைமுடியெல்லாம் சோளமாவுக் கூழ் வாடை. இந்த ஒரு மாதத்தில் ராடினா என்னிடம் பேசியது "நகரு", "அதைக் குடு" இரண்டும்தான். இன்று கோட்டைக் கழற்றியவள் போகாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலைல பல் டாக்டர்கிட்ட போகணும். பெண்களப் பிரிக்க ஆள் இல்ல."

நான் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"நீ பிரி."

ஜூலை 10
அறுபத்து மூன்று பெண்கள். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் மூன்று முறை பார்த்தேன். இது என் வேலையாக இருந்திருக்க வேண்டும் என்ற எரிச்சல் கடைசி ஈ வரைக்கும் போகவில்லை.

ஆண் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையை எழுதி, குழாயில் அவள் பெயரை ஒட்டி வைத்தேன்.