திறந்து கிடந்த அறைக்கதவு

12 நவம்பர் 1993, வெள்ளி
ஸ்காபரோ

வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் ரெலிபோன் அடித்தது. என் கணவர்தான், பொஸ்னியாவிலிருந்து.

ஊரில் இராணுவ முகாமில் ஆமிக்காரர் கண்ணைக் கட்டி அடைத்து வைத்திருந்த மனுசன் இவர். கனடா வந்த பிறகும் கதவு மூடிய அறைக்குள் படுக்கமாட்டார். போன பனிக்காலம் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்டுச் சனத்தை ரீவியில் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஒருத்தரும் வரேல்லை. இவைக்கு நானெண்டாலும் போறன்" என்று துவக்குத் தூக்கிச் சண்டை பிடிக்கப் போய்விட்டார். நான் மறிக்கவில்லை. கேட்பவர்களிடம் ஜேர்மனியில் வேலை என்று சொல்லி வருகிறேன்.

இப்போது அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பள்ளிக்கூடத்தில காவல். சண்டையில பிடிச்ச ஆக்களை அதுக்குள்ள வைச்சிருக்கிறம்."

"கண்ணைக் கட்டியிருக்கோ?"

"ஓம். உது உமக்கு விளங்காது" என்றார்.

எனக்கா விளங்காது? சாமத்தில் கத்திக்கொண்டு எழும்புகிறவரின் முகத்தை இத்தனை வருடமும் துடைத்துவிட்டது யார்?

"எனக்கு வடிவா விளங்குது. அந்தக் கட்டுகளை அவிட்டுப்போட்டு வாங்கோ. இல்லாட்டி இந்த வீட்டுக்கு வரவேண்டாம்" என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன். பஸ்ஸைத் தவறவிடவில்லை.

இனி யாராவது கேட்டால் ஜேர்மனி என்று சொல்லமாட்டேன்.

இவர் போன பிறகும் இந்த அறைக்கதவு இரவில் திறந்தேதான் கிடந்தது. பழக்கம். இப்போதுதான் எழும்பிப் போய் அதைச் சாத்திவிட்டு வந்தேன்.