கம்பியா, கண்ணாடியா?

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பணப் பேச்சைப் போனில் பேசினால் நம் இருவருக்கும் உடனே குரல் ஏறிவிடும் என்பதால், வழக்கம்போல எழுதுகிறேன்.

திரைச்சீலைக் கடையின் இணையதளத்தைப் புதிதாகச் செய்யப் போகிறோம். ஆறு வருடத்துக்கு முன் நீ கட்டிக்கொடுத்தது பழசாகிவிட்டது. கைபேசியில் திறந்தால் ‘வாங்கு’ பட்டன் திரைக்கு வெளியே போய் நிற்கிறது. ஒரு கம்பெனியிடம் விலை வாங்கி, வங்கியில் கடனும் கேட்டிருக்கிறேன்.

கடன் தொகையை நூறு என்று வைத்துக்கொள். முகப்புக்கும் நகரும் படங்களுக்கும் முப்பத்தைந்து, துணிகளைப் புதிதாகப் படம் எடுக்க இருபத்தைந்து, பணம் கட்டும் பகுதிக்கு இருபது, கைபேசிக்கு ஏற்றபடி மாற்றப் பதினைந்து. மீதி ஐந்து கைச்செலவுக்கு. வாடிக்கையாளர் ஜன்னல் அளவை எழுதும் பக்கத்தை மட்டும் அப்படியே விடலாமாம். “தைச்சுக் கொடுத்தது உங்களுக்குத் திரும்பி வர்றதே இல்லையே மேடம், அதுல எதுக்குச் செலவு?” என்றாள் கம்பெனிப் பெண். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்று. கடன் தவணைக்காக, மாதாமாதம் உனக்குப் போகும் இணையதளப் பராமரிப்புப் பணத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. “வருஷத்துக்கு ரெண்டு தடவை கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறான், அதுக்கு மாசச் சம்பளமா?” என்றார் உன் அத்தான். கோபித்துக்கொள்ளாதே. பட்டியலைப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. கண் மருத்துவமனை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. பகல் முழுக்க வேலை. அடுத்த வாரம் சேருகிறேன். அத்தானுக்குச் சொல், சந்தோஷப்படுவார்.

நகரும் படங்களை வெட்டிவிடு, யாரும் நின்று பார்ப்பதில்லை. துணிகளைப் படம் எடுக்கும் காசில் கைவைக்காதே. நிறம் தெரியாமல் யார் வாங்குவார்கள்?

ஆனால் அளவுப் பக்கத்தை அப்படியே விடக்கூடாது. அது நான் செய்ததிலேயே மோசமான பக்கம். ஆர்டர்கள் எல்லாம் எனக்கும் ஒரு நகல் வரும். சோதித்துப் பார்க்க வைத்தது, எடுக்காமல் விட்டுவிட்டேன். முதல் மாதமே ஒருவர் கூடத்து ஜன்னலுக்கு அறுபது சென்டிமீட்டர் அகலம் என்று எழுதியிருந்தார். குளிக்கிற துண்டின் அகலம்தான் அது. கூப்பிட்டுக் கேட்டால், அங்குலத்தில் அளந்திருக்கிறார். அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. பாதிப் பேர் திரை தொங்கும் கம்பியை அளக்காமல் ஜன்னல் கண்ணாடியை அளக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்டு, தையல்காரர் கைக்குப் போகுமுன் திருத்திவிடுவேன்.

உனக்கு எதுவும் திரும்பி வராதது அதனால்தான். இனிமேல் பகலில் கூப்பிட முடியாது. அந்தப் பக்கத்துக்குப் பணம் ஒதுக்கு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

திரும்பி வந்த துணி இல்லை என்பதைக் காட்டித்தான் வங்கியில் கடன் கேட்டேன். ‘தைத்தது திரும்பாது’ என்று கடையின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவும் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஆறு வருடமாக நீ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தால், நான் எதை நடத்தினேன்? நல்லதுதான் செய்தாய். சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்று விட்டுவிட்டாயா?

இன்றிலிருந்து யாரையும் கூப்பிடாதே. ஒரு மாதம் வருவது வரட்டும், நஷ்டம் என்னுடையது. என் கடையின் நிஜக் கணக்கைப் பார்க்காமல் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நகல் வருவதை நிறுத்திவிட்டேன்.

பாவம் பார்த்துச் செய்யவில்லை. நிலையான வேலை இல்லாமல் வீட்டிலேயே கிடந்த வருடங்களில், “நல்ல வேளை கூப்பிட்டீங்க” என்று தினமும் யாராவது சொல்வார்கள். அதற்காகவே கூப்பிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் காசைக் கூட்டித் தந்திருப்பாய், அத்தான் முகம் சுருங்கியிருக்கும்.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

திரும்பி வந்த பார்சல்களால் கூடத்தில் உட்கார இடமில்லை. உன் அத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான்காவதோடு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தனை பேரையும் நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு டீச்சரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “போன தடவை ஒரு தம்பி கூப்பிட்டாரு. கம்பியை அளந்தீங்களா, கண்ணாடியை அளந்தீங்களான்னு கேட்டு, என்னை ஸ்டூல்ல ஏத்திவிட்டு, நான் பத்திரமா இறங்குற வரைக்கும் போனை வைக்கலை. இந்தத் தடவை அவர் கூப்பிடலையா, சரி, நாம சரியாத்தான் அளந்திருக்கோம்னு நினைச்சுட்டேன்.”

போனைக் கீழே வைத்துவிட்டுச் செலவுப் பட்டியலைக் கையில் எடுத்தேன்.

பட்டியலை மாற்றியாகிவிட்டது. வங்கியிலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்; கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள். நகரும் படங்கள் போயின. அந்தப் பணத்தில் ஒரு பாதி, எதை எப்படி அளப்பது என்று படம் போட்டுக் காட்டும் புதிய அளவுப் பக்கத்துக்கு. மறு பாதி, ஆர்டர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் ஆளுக்கு. அந்த வரியில் தொகை எழுதவில்லை. உனக்கு முடியுமானால் நீ சொல். தம்பி விலை வேண்டாம், வெளியாளுக்குச் சொல்லும் விலை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன். ஞாயிறு மட்டும் முடியாது, அன்றுதான் தூங்குகிறேன்.

விலை: பழைய மாதத் தொகையைப்போல நான்கு மடங்கு. எழுதிவிட்டு இரண்டு முறை குறைத்தேன், மறுபடி ஏற்றினேன். கட்டுப்படியாகாது என்றால் வேறு ஆளைப் போடு. வருத்தப்படமாட்டேன், சொல்லியும் கொடுக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “நாலு மடங்கா” என்றார். திரும்பி வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவரும் வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

கடைசித் துணியை மடித்து முடித்தபோது சொன்னார்: “அந்தத் தொகையையே எழுதிக்கோ. ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடுறேன். என்னென்ன கேட்கணும்னு அவனைச் சொல்லச் சொல்லு.”

அன்புடன்,
அக்கா